நேரிற் கூடுதல்: கம்பியில்லா வலையமைப்பாளரும் வன்னிக் குளக் கூட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அதன் குளங்களுக்குப் பெரிதும் இடமளித்துள்ளனர். ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலும் இதற்கு விலக்கன்று. ஆயின் குளத்தின் வரலாறு அணைக்கட்டின் வரலாறு மட்டுமன்று. எந்நாளில் நீர் திறப்பது, எவ்வளவு நிலம் விதைப்பது, எப்போது மாடுகளை வயற்புறத்திலிருந்து அகற்றுவது என்று முடிவு செய்வதற்காகக் கமக்காரர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமர்ந்த கூட்டங்களின் வரலாறும் அதனுள் அடங்கும். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நெற்காணி நீர்ப்பாய்ச்சல் பற்றிய பண்டை வழக்காறுகளுக்குப் புத்துயிர் அளிக்கும் நோக்குடையது. நிலவுடையோரைக் கூட்டி, பெரும்பான்மையோர் இசைந்த விதிகளை எழுதிக்கொண்டு, அவற்றை நடைமுறைப்படுத்த அது வழிசெய்தது. அவ்விதிகளைக் காக்கும் பொறுப்பு வட்டவிதானையிடம் இருந்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் அப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தபோதும் கூட்டம் என்னும் நிறுவனம் அழியவில்லை. இரணைமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் வவுனிக்குளத்துக்கும் காலபோகக் கூட்டமும் சிறுபோகக் கூட்டமும் இன்றும் நடைபெறுகின்றன. சிறுபோகத்தில் நீர் போதாதவிடத்து விதைப்பு நிலத்தைக் குறைத்து, குறைந்த நிலத்தையே பங்கிட்டுக்கொள்ளும் முடிவும் அக்கூட்டங்களிலேயே எட்டப்படுகின்றது.

அத்தகைய முடிவைக் கடிதத்தால் எட்டிவிட முடியாதா என்னும் வினா எழலாம். மேல்மடைக்காரன் நீரை அடைத்துக்கொண்டால் கடைமடை காயும். தன் பங்கைக் குறைத்துக்கொள்ள ஒருவன் இசைய வேண்டுமாயின், பக்கத்து வயற்காரனும் குறைத்துக்கொள்கிறான் என்பதை அவன் கண்ணாற் காண வேண்டும். அதனைப் பலர் அறியச் சொல்லக் கேட்கவும் வேண்டும். பொதுப்பொருளைப் பங்கிடுவோர் நேரிற் கூட நேர்வதன் காரணம் இதுவே. இக்காரணம் நெல்லுக்கும் நீருக்கும் மட்டும் உரியதன்று என்பதை, அண்மைக் காலத்தில் முற்றிலும் வேறான ஒரு கூட்டத்தாரின் வரலாறு காட்டுகின்றது. அவர்கள் கம்பியில்லாக் கணினி வலைகளுக்கான திறந்த மூல மென்பொருளை எழுதுவோர். உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவரோடொருவர் நொடியில் தொடர்புகொள்ளக்கூடிய இவர்கள், ஏன் காசு செலவிட்டு, கடல் கடந்து, ஓரிடத்திற் கூடத் திட்டமிட்டனர்? வன்னி போன்றதொரு நிலத்துக்கு அதனால் ஆகக்கூடியது யாது? இவ்விரு வினாக்களும் ஒருங்கே நோக்கத்தக்கன.

கம்பியில்லா வலையும் ஒருவகைக் குளமே. 1985இல் ஐக்கிய அமெரிக்க நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு, 2.4 கிகாஹேர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமம் பெறாமலே எவரும் பயன்படுத்தலாம் என விட்டது. அவ்வலைவரிசை அதுவரை நுண்ணலை அடுப்புகளுக்கும் கைத்தொழிற் கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்ட, மதிப்புக் குறைந்த துண்டாகவே கருதப்பட்டது. 1997இல் 802.11 என்னும் நியமம் வெளிவந்தது. பின்னர் அது ‘வைஃபை’ எனப் பெயர்பெற்றது. உரிமம் வேண்டாத அலைவரிசை என்பது வேலியற்ற மேய்ச்சற்றரையை ஒத்தது. ஒருவர் உரக்கப் பேசினால் மற்றவர் குரல் அமுங்கும். எனவே அங்கே ஒழுங்கு மென்பொருளினாலேயே வரவேண்டியிருந்தது.

அம்மென்பொருள் பொதுமக்கள் கைக்கு எட்டிய கதை தற்செயலானது. லிங்சிஸ் நிறுவனம் விற்ற, வீட்டுப் பாவனைக்கான மலிவான றவுட்டர் ஒன்றினுள் லினக்ஸ் இயங்குவதைச் சிலர் கண்டறிந்தனர். லினக்ஸின் உரிம நிபந்தனைப்படி, அதனை மாற்றி விற்போர் மூலநிரலையும் வழங்க வேண்டும். அந்நிறுவனத்தை 2003இல் வாங்கிய சிஸ்கோ, அவ்வாண்டிலேயே மூலநிரலை வெளியிட நேர்ந்தது. அடுத்த ஆண்டு ‘ஓப்பன்டபிள்யூஆர்ட்டி’ என்னும் திட்டம் தோன்றியது. அதன்பின் அச்சிறு பெட்டியைத் திறந்து, அதன் நடத்தையையே மாற்றலாம் என்ற நிலை உருவாயிற்று. இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். வைஃபைக் கருவி ஒன்று செய்தியை அனுப்பியதும், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை மிகக் குறுகிய நேரமே எதிர்பார்த்திருக்கும். வீட்டுக்குள் அந்நேரம் போதும். ஐந்து கிலோமீற்றர் தொலைவுக்கு ஒளிவேகத்தில் ஒருவழிச் செல்லவே ஏறத்தாழ 17 மைக்கிரோசெக்கன் ஆகும். கருவியோ பதில் வரவில்லை என்று கருதித் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். மூலநிரல் கையிலிருந்தால் அக்காத்திருப்பை நீட்டலாம். 2006 ஏப்ரலில் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியேத்ரோசேமொலியும் அவருடன் உழைத்தோரும் அத்தகைய மலிவான றவுட்டர்களைக் கொண்டே 279 கிலோமீற்றர் இணைப்பை ஏற்படுத்திக் காட்டினர். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள தொலைவு இதில் ஏறத்தாழ அரைப்பங்கே.

மலையுச்சியிலிருந்து மலையுச்சிக்குச் செல்லும் ஒற்றை இணைப்பு வியப்புக்குரியதேயாயினும் ஊர்களை இணைக்க அது போதாது. அதற்குக் கண்ணிவலை வேண்டும். ஒவ்வொரு கணுவும் தன் அயற்கணுவுக்குச் செய்தியைக் கைமாற்ற, நடுவண் நிலையம் ஒன்றின்றியே வலை இயங்கும்; ஒரு கணு விழுந்தால் செய்தி வேறு வழியைத் தேடிக்கொள்ளும். வழியை எவ்வாறு தேர்வது என்பதிலேதான் கருத்து வேறுபாடுகள் தோன்றின. 2003 ஒக்டோபரில் ஓ.எல்.எஸ்.ஆர். என்னும் வழிமுறை எழுத்து வடிவில் வெளியாயிற்று. தாளில் அது செம்மையாகவே இருந்தது. 2004இல் பேர்லினில் நடைபெற்ற மாநாடொன்றில் உண்மையான கருவிகளைக் கொண்டு அதனைப் பரிசோதித்தபோது வழிகள் நிலைகொள்ளாது தடுமாறின. ‘எலெக்ட்ரா’ என அறியப்பட்ட கொரினா ஐக்கெலே முதலியோர் அத்தடுமாற்றத்தை நேரிற் கண்டனர். குறைந்த தாவல்களையுடைய வழியைத் தேர்வதை விடுத்து, இழப்புக் குறைந்த வழியைத் தேரும் முறை அதன்பின் அம்மென்பொருளிற் புகுத்தப்பட்டது. 2006இல் அவ்வட்டத்தினரே ‘பற்மன்’ என்னும் வேறொரு வழிமுறையைத் தொடங்கினர். முன்னையதில் ஒவ்வொரு கணுவும் வலை முழுவதன் வரைபடத்தையும் கணிக்க வேண்டும். பின்னையதில், இன்ன இடத்துக்கு எந்த அயலவர் வழியே செல்வது நன்று என்பதை மட்டும் கணு அறிந்தாற் போதும். வன்னிக் காட்டுப் பாதையில் முல்லைத்தீவுக்கு வழி கேட்பவருக்கு ஊரவர் முழுப் பாதையையும் சொல்வதில்லை. இந்த ஒழுங்கையாற் சென்று, அடுத்த சந்தியில் விசாரிக்குமாறே கூறுவர். பயணி முல்லைத்தீவைச் சேர்ந்துவிடுகிறான்.

இத்தகைய பிணக்குகள் எழுத்தில் தீர்வதில்லை. தன் நிரலே சிறந்ததென ஒவ்வொருவரும் தத்தம் அறையின் அளவீடுகளைக் காட்டுவர், அறைகளோ வெவ்வேறானவை. லினக்ஸ் கருநிரலிலும் இதே நிலை நேர்ந்தது. 2006இன் தொடக்கத்தில் கம்பியில்லாக் கருவிகளுக்கான அடிப்படை நிரற்றொகுதிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை போட்டியிட்டன. சிப்பு உற்பத்தியாளர் சிலர் தம் கருவிகளின் விவரங்களை மறைத்தமையால், பிறர் அவற்றைப் பகுத்தாய்ந்து எழுத வேண்டியிருந்தது. புரோட்கொம் சிப்புகளுக்கு அவ்வாறு எழுதியபோது, சட்டச் சிக்கலைத் தவிர்ப்பதற்காக ஒரு குழுவினர் கருவியை ஆராய்ந்து விளக்கக்குறிப்பு எழுதினர். அக்கருவியின் உள்நிரலைப் பாராத வேறொரு குழுவினர் அக்குறிப்பைக்கொண்டு நிரல் எழுதினர். 2006 ஏப்ரலில் ஒரெகன் மாநிலத்தில் லினக்ஸ் கம்பியில்லா நிரலாளர் நேரிற் கூடினர். போட்டித் தொகுதிகளுள் ஒன்றனைப் பொதுவாக ஏற்கும் போக்கு அதன்பின் வலுப்பெற்று, 2007 யூலையில் வெளிவந்த கருநிரற் பதிப்பில் அத்தொகுதி இடம்பெற்றது. தமிழ்க் கணிமையிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. விசைப்பலகை அமைப்புகள் பலவாகிச் சிதறிக் கிடந்த காலத்தில், 1999 பெப்ரவரியில் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டுக்குப் பின்னரே தமிழ் 99 என்னும் பொது அமைப்பு நிலைபெற்றது.

மேலைநாட்டு நகரங்களில் நடைபெறும் கூட்டங்களுக்கு ஒரு குறைபாடு உண்டு. வலை எவருக்கு இன்றியமையாததோ அவர் அங்கே வருவதில்லை. விமானச் செலவும் வீசாவும் முன்னரே அவரைக் கழித்துவிடுகின்றன. இதனை உணர்ந்தோர் இருந்தனர். 2005 ஒக்டோபரில் இலண்டனில் நடைபெற்ற கட்டற்ற தகவல் உட்கட்டமைப்பு உலக மாநாட்டில் எழுவர் கொண்ட குழுவொன்று அமர்ந்து, வளர்முக நாடுகளிற் கம்பியில்லா வலைகளை அமைப்பது பற்றிய நூலொன்றைத் தொடங்கியது. அந்நூல் சில மாதங்களுள் நிறைவுற்று, எவரும் படியெடுக்கும் உரிமையுடன் வெளிவந்தது. நூல் பயணஞ் செய்தது, ஆட்கள் செய்யவில்லை. அடுத்த கூட்டத்தை வலை இருக்குமிடத்திலேயே நடத்துவது என்பது அதற்கடுத்த படியாயிற்று.

அவ்விடம் இமயமலைச் சாரலிலுள்ள தர்மசாலை. திபெத்திய ஏதிலியர் வாழும் மலைநகர் அது. 2005இன் தொடக்கத்தில் இந்திய அரசு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைத் திறந்தவெளியிலும் உரிமமின்றிப் பயன்படுத்த இசைவளித்தது. அவ்விசைவு கிடைத்த கையோடு, அவ்வாண்டு பெப்ரவரியிலேயே எட்டு வளாகங்கள் கண்ணிவலையால் இணைக்கப்பட்டன. இஸ்ரேலியரான யாஹெல் பென்-டேவிட் அம்முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவர். நாளடைவில் முப்பதுக்கு மேற்பட்ட கணுக்களும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கணினிகளும் அதிற் சேர்ந்தன. அத்தனை கணினிகளும் பகிர்ந்துகொண்ட வெளியிணைப்பு 6 மெகாபிற் மட்டுமே. இன்று ஒரு வீட்டுக்கே போதாதெனக் கருதப்படும் அவ்வளவை ஒரு நகரமே பங்கிட்டுக்கொண்டது என்பது சிறுபோக நீர்ப் பங்கீட்டை நினைவூட்டுவதாகும். மலைகள் நேர்நோக்கை மறைத்தமையால் ஒற்றைக் கோபுரத்திலிருந்து எல்லா இடங்களையும் எட்ட இயலவில்லை. மலையைச் சுற்றிச் செல்லும் கண்ணிவலையே அந்நிலத்துக்குப் பொருந்தியது. மின்வழங்கல் அடிக்கடி அறுந்தமையால் சூரியப் பலகையும் மின்கலமும் பொருத்திய கணுக்கள் அமைக்கப்பட்டன. மின்னலும் மழையும் ஒருபுறமிருக்க, குரங்குகள் அன்ரெனாக்களைப் பற்றி ஊசலாடின. சேது கட்டிய குலம் இங்கே பாலங்களைப் பிரித்தது எனலாம். குரங்கின் எடையைத் தாங்குமாறு கம்பங்களை வலுப்படுத்த வேண்டும் என்னும் பாடத்தை எந்த மேலைநாட்டு ஆய்வுகூடமும் கற்பித்திருக்க முடியாது.

2006 ஒக்டோபரில், ‘எயார்ஜல்தி’ எனப் பெயரிய அவ்வலையமைப்பாளர் உலக மாநாட்டைத் தம் மலைக்கே அழைத்தனர். பல நாடுகளிலிருந்தும் நிரலாளரும் வலையமைப்போரும் அங்கே கூடினர். இத்தகைய கூட்டத்தைத் திட்டமிடுவோர் மண்டபத்தையும் தங்குமிடத்தையும் மட்டும் எண்ணினாற் போதாது. வந்தோர் தொட்டுப் பார்ப்பதற்கு இயங்குகின்ற வலை வேண்டும். மின்சாரம் அறுந்தால் என்ன நேரும் என்பதைக் காண மின்சாரம் அறுகின்ற இடமே வேண்டும். தர்மசாலையின் குறைகளே அதன் தகுதிகளாயின. தொலைவு மிகுதி, பாதை கடினம் என்னும் குறைகளை எவரும் மறுக்க இயலாது. எனினும் ஒரெகன் கூட்டத்தையும் தர்மசாலைக் கூட்டத்தையும் ஒப்பிடுவோர், முன்னது நிரலை ஒன்றாக்கிற்று என்றும் பின்னது நிரல் எவருக்காக எழுதப்படுகிறது என்பதைக் காட்டிற்று என்றும் கருத இடமுண்டு.

அதே காலத்து வன்னியின் நிலையை இங்கே நினைவுகூர்தல் தகும். கம்பியில்லாத் தொடர்பு வன்னி மக்களுக்குப் புதிதன்று. 1990இல் வடபகுதிக்கான புகையிரதமும் மின்னிணைப்பும் அற்றபின், பொருளாதாரத் தடையின் கீழ் உலர்மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னோட்டத்தைக்கொண்டு வானொலி கேட்டனர். ஒருவர் சுற்ற, சூழ இருந்த பலர் பி.பி.சி. தமிழோசைக்கும் வெரித்தாஸ் தமிழ்ப்பணிக்கும் செவிகொடுத்தனர். சுற்றுபவரின் கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பில் வானொலிப் பரிசோதனைகளைத் தொடங்கியபோது, கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உறுப்புகளைக்கொண்டு ஒலிபரப்புக் கருவி அமைத்ததாகக் கூறப்படுவதுண்டு. கிடைத்ததைக்கொண்டு கருவி செய்யும் அம்மரபு இத்தீவில் எங்கேனும் முழுமையாகத் தொடர்ந்ததாயின் அது தடைக்கால வடபுலத்திலேயே ஆகும். ஆனால் அங்கே செய்தி உள்ளே மட்டும் வந்தது, வெளியே செல்லவில்லை. வானொலிப் பெட்டி கேட்கும், பேசாது.

2002 பெப்ரவரியிற் கைச்சாத்தான போர்நிறுத்தத்தையடுத்து ஏ-9 வீதி திறந்தது. நான்கு ஆண்டுகள் ஆட்களும் பொருள்களும் ஓரளவு தடையின்றிச் சென்றுவந்தனர். 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது முன்னறிவித்தல் எதுவும் அவ்வூரை எட்டவில்லை. 2006 ஆகஸ்டில் முகமாலை வழி மீண்டும் அடைபட்டது. ஓமந்தை ஊடான போக்குவரத்தும் இறுகிற்று. எனவே அவ்வாண்டு ஒக்டோபரில் தர்மசாலையிற் பல நாட்டார் கூடியபோது, கிளிநொச்சி இளைஞர் ஒருவர் ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவிலுள்ள வவுனியாவுக்குச் செல்வதற்கே அனுமதி வேண்டிநின்றார். ஏதிலியரின் மலையில் நடந்த கூட்டமும் இவருக்கு எட்டாததாகவே இருந்தது.

2009 ஏப்ரலில் பாரிசை அடுத்த வித்ரி என்னும் புறநகரில் ‘வயர்லெஸ் பற்றில் மெஷ்’ எனப்படும் முதற் கூட்டம் நடந்தது. ஓ.எல்.எஸ்.ஆர்., பற்மன், பேபல் ஆகிய வழிமுறைகளை ஒரே கருவிகளில் ஏற்றி, ஒரே களத்திற் போட்டியிடச் செய்வது அதன் நோக்கம். பெயரில் ‘போர்’ இருப்பினும் அது நண்பர் விளையாட்டே. அக்கூட்டம் பின்னர் பிரசெல்ஸ், இத்தாலியின் பிராச்சானோ, கற்றலோனியா, ஏதென்ஸ், லைப்சிக், மாரிபோர், போர்ட்டோ, வியன்னா, பேர்லின் என ஐரோப்பாவுக்குள்ளேயே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. செல்வச் செழிப்பான ஏற்பாடன்று அது. எளிய விடுதிகளிலே தங்கி, பங்கேற்போரே கருவிகளைச் சுமந்துவந்து நடத்தினர். அதனைக் குறைகூறுதல் தகாது. ஆயினும் அம்முதற் கூட்டம் நடந்த 2009 ஏப்ரலில் வன்னி மக்கள் முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஒடுங்கிய நிலத்துண்டொன்றில் அடைபட்டிருந்தனர் என்பதை வரலாறு எழுதுவோர் விட்டுவிட இயலாது. ஓரிடத்திற் கணுக்கள் விழுந்தால் வலை எவ்வாறு தன்னைச் சீர்செய்யும் என்பது ஆய்வுப்பொருளாயிருந்த வேளையில், மற்றோரிடத்தில் விழுந்தவற்றைச் சீர்செய்ய எவரும் எஞ்சவில்லை.

போர் முடிந்தபின் மாற்றங்கள் விரைந்து வந்தன. புகையிரதம் 2013 செப்ரெம்பரிற் கிளிநொச்சியை மீண்டும் அடைந்தது. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழுந்தன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அமைந்தது; வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கோபுரங்கள் வந்தபின் கண்ணிவலை எதற்கு என்று கேட்போர் உளர். அவ்வினா நியாயமானதே. கோபுரம் நிறுவனத்தின் உடைமை. அதனை நிறுத்தும் விசை ஊருக்கு வெளியே இருக்கின்றது. அந்நிலை எத்தகையதென்பதைக் கம்பியும் வீதியும் பலமுறை அறுபட்ட ஒரு நிலத்துக்கு விளக்கத் தேவையில்லை. வன்னியை ஒத்த உலர்வலயக் குளச் சூழலில் இது இயலாததுமன்று. அனுராதபுர மாவட்டத்தில், வில்பத்துக் காட்டோரத்திலுள்ள மகாவிலச்சியவில், ஆங்கில ஆசிரியர் நந்தசிறி வன்னிநாயக்க தொடங்கிய ஹொரைசன் லங்கா நிறுவனத்தின் முயற்சியால், 2000களின் நடுப்பகுதியிலேயே கிராம வீடுகள் கம்பியில்லாக் கண்ணிவலையால் இணைக்கப்பட்டன.

ஆகவே வன்னியில் இத்தகைய கூட்டமொன்றைத் திட்டமிடுவோர் எவையெவற்றை எண்ண வேண்டும் என்பது கற்பனை வினாவன்று. தர்மசாலையில் மலை மறைத்தது. வன்னியில் மலையே இல்லை. 2.4 கிகாஹேர்ட்சில் ஐந்து கிலோமீற்றர் இணைப்புக்கு, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 12 மீற்றர் ஆரமுள்ள வெளி வேண்டும். அதில் அறுபது வீதமேனும் தடையற்றிருத்தல் நன்று. பாலையும் வீரையும் அடர்ந்த காட்டில் ஈர இலைகள் அலையை உறிஞ்சிவிடும். எனவே கம்பம் மரத்தலைக்கு மேலெழ வேண்டும், அல்லது இயல்பாகவே திறந்த வெளியைத் தேட வேண்டும். அவ்வெளியை வன்னியில் அளிப்பவை குளங்களும் வயல்களுமே. கனகராயன் ஆற்றை மறித்தெழுந்த இரணைமடுக் கட்டில் நிற்பவருக்கு நீர்ப்பரப்பு ஒருபுறமும் வயல்வெளி மறுபுறமும் தடையின்றிக் கிடக்கின்றன. ஊர்களும் குளத்தை அடுத்தே அமைந்தமையால், குளக்கட்டிலிருந்து குளக்கட்டுக்குத் தாவும் வலை பழைய குடியமைப்பின் வழியே செல்லும். நீரின் மேற்செல்லும் அலை தெறித்துத் தன்னையே கெடுத்துக்கொள்ளும் சிக்கலும் உண்டு. அதற்கேற்ப அன்ரெனாவின் உயரத்தை மாற்றிப் பார்த்தல் இங்கு கூடுவோரின் முதல் அளவீடாகலாம்.

காலமும் கருதத்தக்கது. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை வீதிகளைக் கெடுக்கும். அக்காலத்திற் கமக்காரரும் வயலில் இருப்பர். காலபோக அறுவடை முடிந்து, சிறுபோக நீர் திறப்பதற்கு முன்னுள்ள பங்குனியே தக்க இடைவெளி. மண்டபமும் தங்குமிடமும் பல்கலைக்கழக விடுமுறையைப் பொறுத்தவை. வெளிநாட்டார் வீசாவுக்கும், கருவிகளைச் சுங்கத்தினின்று விடுவிப்பதற்கும், கம்பம் நடுவதற்கான நீர்ப்பாசனத் திணைக்கள இசைவுக்கும், அலைவரிசை பற்றித் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டறிவதற்கும் மாதக்கணக்கில் முன்னரே எழுத வேண்டியிருக்கும். சிறுபோகக் கூட்டம் நடைபெறும் நாளுக்கு அணித்தாக இக்கூட்டத்தையும் வைத்தால், நீர்ப் பங்கீட்டை முடிவுசெய்ய வரும் கமக்கார அமைப்பினரே வந்து, எந்தக் குளக்கட்டில் எந்தக் கம்பம் நடலாம், எந்த மாதத்தில் அங்கே யானை வரும் என்பதைச் சொல்லிவிடுவர்.